தம்பி, திரும்பச் சொல்லு

நல்ல ஒலிபெருக்கியை அடையாளம் காண ஒரு சுலபமான வழி இருக்கிறது. தூக்கிப் பாருங்கள். ஒற்றைக் கையால் தூக்க முடிந்தால் அது விளையாட்டுச் சாமான். நான் பாட்டுக் கேட்கும் அறையில் நிற்கிற இரண்டையும் மாடிக்கு ஏற்ற நான்கு ஆள் தேவைப்பட்டது. இதோ, உங்கள் மேசையில் உறை போட்டு வைத்திருக்கிறீர்களே, இந்த டப்பாவை என் மனைவி காய்கறிப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

நடந்ததெல்லாம் அந்த வித்தியாசத்தில்தான் ஆரம்பித்தது. அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொத்துத் தகராறு, பழைய பகை என்று நீங்களாக ஏதாவது எழுதிவிடக் கூடாது. என் மாமனாருக்கும் எனக்கும் ஒரு மனத்தாங்கலும் கிடையாது. கல்யாணமாகிப் பதினோரு வருடம் ஆகிறது, அவர் என்னை மாப்பிள்ளை என்ற வார்த்தை இல்லாமல் கூப்பிட்டதே இல்லை. நானும் மாமா என்றுதான் கூப்பிடுவேன். கடைசி மாலையிலும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

என் தொழில் காது. இருபத்திரண்டு வருடமாகக் காது பரிசோதித்துக் கருவி பொருத்துகிறேன். காது மிஷின் என்று ஊரார் சொல்வது. இந்தத் தொழிலில் மனிதர்களைப் பற்றி நல்ல அபிப்பிராயம் மிஞ்சாது. காது போக ஆரம்பித்தவர்கள் எல்லோரும் ஒரே அச்சு. முதலில் பேசுகிறவரைக் குற்றம் சொல்வார்கள், ‘இப்ப இருக்கறவங்க வாய்க்குள்ளயே பேசறாங்க’ என்று. அடுத்தது அறை. மின்விசிறி இரைகிறது, எதிரொலிக்கிறது, ஜன்னல் திறந்திருக்கிறது. கண் மட்டும் எதிரே இருப்பவரின் உதட்டை விட்டு நகராது. தன் காதில்தான் கோளாறு என்று மட்டும் ஒருவன் வாயிலிருந்தும் வராது. மனைவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தால்தான் என் படியேறுவார்கள். அவர்களைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பாக இருக்கும், வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன்.

என் மாமனார் நீதிமன்றத்தில் முப்பத்தோரு வருடம் சுருக்கெழுத்தராக இருந்தவர். மாமியார் தவறிய பிறகு ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு கட்டு நோட்டுப் புத்தகங்களோடும் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் போகவில்லை. பால்காரர் வராத நாள், மகள் சொன்ன சாமான், மனதில் தோன்றியது, எல்லாவற்றையும் சுருக்கெழுத்தில் குறித்துவைப்பார். கொக்கியும் கோடுமாக இருக்கும். வீட்டில் வேறு யாராலும் அதைப் படிக்க முடியாது.

அவருக்குக் கருவி பொருத்தியது நான்தான். என் வேலைகளிலேயே அது நல்ல வேலை. மாட்டிய அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் நின்று கேட்டுவிட்டு, “மாப்பிள்ளை, உங்க வீட்டுக் குழாய் ஒழுகுது, இவ்வளவு நாளா யாருமே கவனிக்கலியா?” என்றார். என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். குழாய் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

அப்புறம் இந்த டப்பா வந்தது. அப்பாவுக்குப் பகல் பொழுது போகவில்லை என்று மனைவி வாங்கினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விழித்துக்கொண்டு பதில் சொல்லுமாம். அவர் அதற்குத் தம்பி என்று பெயர் வைக்கச் சொன்னார். கூப்பிடுவது தம்பி என்று, பதில் வருவது பெண் குரலில். அதிலேயே அதன் லட்சணம் தெரிந்துவிடவில்லையா? “தம்பி, மணி என்ன?” “தம்பி, வெளியில மழை வருமா?” ஜன்னல் இரண்டடி தள்ளி இருக்கிறது, எட்டிப் பார்க்கலாம். ஆனால் தம்பிதான் சொல்ல வேண்டும். பாட்டும் அதில்தான் கேட்டார். ஒரு பாட்டில் இருக்கிற முப்பது வாத்தியத்தை ஒரு டம்ளருக்குள் திணித்து அனுப்புகிற சாமான் அது. மேளத்தின் அடிச்சத்தம் கிடையாது, ஜால்ராவின் மேல் சத்தம் கிடையாது. நடுவில் இருக்கிற குரலை மட்டும் பிதுக்கிக் கொடுக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துப்போய் என் அறையில் உட்கார வைத்தேன். அந்த அறையில் ஒரு நாற்காலிதான் உண்டு, அது எனக்கு. அதில் அவரை உட்கார வைத்தேன் என்றால் எவ்வளவு மரியாதை கொடுத்திருக்கிறேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு முழுப் பாட்டு ஓடியது. முடிந்ததும் எழுந்து, “ரொம்ப நல்லா இருக்கு மாப்பிள்ளை. ஆனா உங்க பெட்டி பாடுது. நம்ம தம்பி பேசறான். எனக்கு வார்த்தை புரியணும், அவ்வளவுதான்” என்றார்.

சாப்பாட்டு மேசையில் இதையே மகளிடமும் சொன்னார். அவளுக்கு ஒரே குஷி. “அப்ப மாடியில இருக்கற அலமாரி ரெண்டும் தண்டமாப்பா?” என்றாள். அலமாரி. என் ஒலிபெருக்கிகளுக்கு அவள் வைத்த பெயர் அது. நான் பொறுமையாக விளக்கினேன். அந்த டப்பாவின் விலையில் என் ஒயர்கூட வராது என்றேன். “அதனாலதான் கேக்கறேன், அவ்வளவு காசுக்கு என்ன கூடுதலா கேக்குது?” என்றாள். கேட்கத் தெரியாதவர்கள் எப்போதும் விலையைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

சோதனை வைக்கலாம் என்று சொன்னது நான்தான். மறைத்துவைத்துக் கேட்கிற சோதனை. கட்டில் விரிப்பைக் கயிற்றில் கட்டி அதன் பின்னால் என் ஒலிபெருக்கிகளையும், அவற்றின் நடுவே ஒரு முக்காலியில் டப்பாவையும் வைத்தோம். மூன்று பாட்டு. ஒவ்வொன்றையும் மாமனார் இரண்டிலும் மாற்றி மாற்றிப் போடுவார், எந்த வரிசை என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். எது உசத்தி என்று நான் சொல்ல வேண்டும், அவர் குறித்துக்கொள்வார். இந்த மாதிரிச் சோதனையில் ஒரு விஷயம் முக்கியம். இரண்டின் சத்தமும் ஒரே அளவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உரக்க ஒலிப்பதே நல்லது என்று காது ஏமாந்துவிடும். சாதாரண ஆளுக்கு இது தெரியாது. நான் அளவுமானி வைத்து என் கையாலேயே சமப்படுத்தினேன்.

மூன்று பாட்டும் முடிந்தன. நான் மூன்றிலும் தயங்காமல் சொன்னேன். மாமனார் விரிப்புக்குப் பின்னாலிருந்து நோட்டோடு வந்தார். வாசலில் நின்றிருந்த மகளிடம், “மாப்பிள்ளை ஜெயிச்சுட்டாரும்மா. மூணும் கரெக்டு” என்றார். அவள் கை தட்டிவிட்டுக் கீழே போனாள். அவர் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் தோளில் கை வைத்து, “வாங்க, டீ சாப்பிடலாம்” என்றார். முப்பத்தோரு வருடம் சாட்சிகளின் பொய்யை எழுதினவருக்கு ஒரு பொய்யை ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் மனைவியின் கைபேசியை எடுத்துப் பார்த்தேன். டப்பா எந்தப் பாட்டை எத்தனை மணிக்குப் பாடியது என்று அதில் வரிசையாக இருக்கும். நான் ‘இதுதான், சந்தேகமே இல்லை’ என்று சொன்ன மூன்று நேரத்திலும் பாடியது டப்பாதான்.

அவர் விரிப்புக்குப் பின்னால் சத்தத்தைத் திருகியிருக்க வேண்டும். வேறு எப்படியும் இருக்க முடியாது.

அவர் சிரித்திருந்தால் விட்டிருப்பேன். மகளோடு சேர்ந்து கேலி பண்ணியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பதிலுக்குச் சொல்லி முடித்திருப்பேன். ஆனால் அவர் என்மேல் இரக்கப்பட்டார். அடுத்த நாளிலிருந்து என்னிடம் பேசும்போது முகத்துக்கு நேரே வந்து நின்று நிதானமாகப் பேசினார், நோயாளியிடம் பேசுவது போல. தொழில் எப்படிப் போகிறது என்று விசாரித்தார். அந்த நோட்டு அவர் தலையணை ஓரத்தில் இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறார் என்று என்னால் படிக்க முடியவில்லை. என் வீட்டில், என் சம்பாத்தியத்தில், நான் படிக்க முடியாத ஒரு பக்கம். எனக்கு வயிறு எரிந்தது. இதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

நீங்கள் கொஞ்சம் வாயைத் திறந்து பேசினால் நல்லது. ஆமாம், இப்போது புரிகிறது. தேதிகள் சரி. மாமாவின் காதுக் கருவிக்குள் ஒரு சின்ன நினைவகம் உண்டு, அதன் அளவுகளை ஒவ்வொரு முறை மாற்றும்போதும் நாளும் நேரமும் அதில் பதிந்துவிடும். உங்கள் ஆள் சரியாகத்தான் எடுத்திருக்கிறார். எட்டு முறை.

முதல் முறை, டப்பாவின் யோக்கியதையை அவருக்குப் புரியவைப்பதற்காக மட்டும் செய்தேன். சர்வீஸ் பண்ண வேண்டும் என்று கருவியை வாங்கி, மடிக்கணினியில் இணைத்து, டப்பா எந்தச் சத்தத்தைப் பிதுக்கிக் கொடுக்கிறதோ அந்த நடுப்பகுதியைக் கொஞ்சம் இறக்கினேன். நான்கு நிமிட வேலை. இரண்டே நாளில், “தம்பிக்குத் தொண்டை கட்டின மாதிரி இருக்கு” என்றார். எனக்கு அன்று முழுக்க மனம் லேசாக இருந்தது. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் இறக்கினேன். அதற்கடுத்த வாரமும்.

மனிதக் குரலும் அதே பகுதியில்தான் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும், நான் தினமும் நோயாளிகளுக்குச் சொல்கிற முதல் பாடமே அது. அங்கே கை வைத்தால் சத்தம் கேட்கும், சொல் புரியாது. யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. மகள் உப்பு கேட்டால் எழுந்து போய்க் கதவைத் திறந்தார். அண்டை வீட்டுக்காரர் சாவுச் செய்தி சொல்ல, “ரொம்ப சந்தோஷம்” என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். அதன் பிறகு வெளியாட்கள் வந்தால் உள்ளே போய்விடுவார். மேசையில் எல்லோரும் சிரித்தால் ஒரு நொடி கழித்து அவரும் சிரிப்பார்.

“அப்பாவுக்கு மறதி நோய் வந்துடுச்சோன்னு பயமா இருக்குங்க” என்று மனைவி அழுதாள். இருக்கலாம் என்றேன். அவரை என் நிலையத்துக்கே கூட்டிப்போய், கண்ணாடி அறையில் உட்கார வைத்து, முறைப்படி பரிசோதித்து, கேட்கும் திறன் வரைபடத்தையும் காட்டினேன். வேறொரு நோயாளியின் வரைபடம். “மிஷின் நல்லாத்தான் இருக்கு மாமா. காதுதான் இறங்கிடுச்சு” என்று எழுதிக் காட்டினேன். அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “வீட்டுலயே டாக்டர் இருக்காரு, எனக்கென்ன குறை” என்று என் வரவேற்பாளரிடம் சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுவதற்கு அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

ஏழாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை, அவராகவே மாடிக்கு வந்தார். கதவைத் தட்டிவிட்டு நின்றார். “நீங்க சொன்னது சரி மாப்பிள்ளை. நம்ம தம்பி சரியில்ல. ஒரு வார்த்தை புரியல. உங்களோடதுல ஒரு பாட்டு போடுங்க, கேக்கறேன்” என்றார். இதற்காகத்தான் நான் ஏழு வாரம் உழைத்தேன். மடிக்கணினி அதே அறையில்தான் இருந்தது. நான்கு நிமிடத்தில் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கியிருக்கலாம். வெற்றி கிடைத்துவிட்டது, இனி எதற்கு என்று ஒரு எண்ணமும் வந்தது.

அவரை என் நாற்காலியில் உட்கார வைத்தேன். பாட்டைப் போடுவதுபோல் பொத்தானை அழுத்தினேன். ஆம்ப்ளிஃபையரை மட்டும் போடவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். தலையை ஆட்டினார். விரலால் நாற்காலிக் கையில் தாளம் போட்டார். அறையில் ஒரு சத்தமும் இல்லை. ஐந்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் தோளைத் தொட்டதும் கண்ணைத் திறந்து, “அருமை மாப்பிள்ளை. இதுதான் சத்தம்” என்றார். என் ஒலிபெருக்கிகளைப் பற்றி அந்த வீட்டில் யாரும் அவ்வளவு மனமாரப் பாராட்டியதில்லை. எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

அத்தோடு முடிந்திருக்கும். மறுநாள் திங்கட்கிழமை சாயங்காலம் நான் படியிறங்கி வரும்போது அவர் டப்பாவோடு பேசிக்கொண்டிருந்தார். அதன் சத்தம் முழுக்க வைத்திருந்ததால் தெருவே கேட்கலாம். “தம்பி, பக்கத்துல வேற காது டாக்டர் யார் இருக்காங்க?” அது ஒரு விலாசம் சொன்னது. “திரும்பச் சொல்லு.” சொன்னது. “தம்பி, திரும்பச் சொல்லு.” ஆறு முறை. ஆறாவது முறைதான் அவர் பென்சிலை எடுத்து நோட்டில் குறித்தார். டப்பாவிலிருந்து நீங்கள் எடுத்திருக்கிற பட்டியலில் ஆறும் இருக்கும், எண்ணிப் பாருங்கள்.

வேறு டாக்டர் கருவியை இணைத்துப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடும். இருபத்திரண்டு வருடப் பெயர். அவர் என்னைச் சந்தேகப்பட்டுவிட்டார் என்று புரிந்துகொண்டேன். அந்த விலாசம் எனக்குத் தெரிந்ததுதான். மொத்த வியாபாரக் கிடங்குகளுக்குப் பின்பக்கத் தெரு. நடைபாதை கிடையாது. காலை முழுக்கச் சரக்கு வண்டிகள் பின்னோக்கி வந்து சாமான் இறக்கிக்கொண்டிருக்கும். ஓட்டுநருக்குப் பின்னால் இருப்பது தெரியாது. அதனால்தான் அந்த வண்டிகளில் பீப் பீப் என்று ஒரு எச்சரிக்கை ஒலி வைத்திருக்கிறார்கள்.

நான் போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன். “மாமா, மிஷினைக் குடுங்க. தூசி தட்டித் தரேன்” என்று கையைக் காட்டிச் சொன்னேன். உடனே கழற்றிக் கொடுத்தார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எட்டாவது முறை. நடுப்பகுதியையும் அதற்கு மேலே இருப்பதையும் முழுக்க இறக்கிவிட்டேன். அடிச்சத்தத்தை மட்டும் விட்டுவைத்தேன், அப்போதுதான் மிஷின் ஓடுகிறது என்று நம்பிப் போட்டுக்கொள்வார். காது ஓட்டையை அடைத்தாற்போல் பொருந்துகிற கருவி ஒலிக்காவிட்டால், அது வெறும் காதைவிட மோசம். விலையுயர்ந்த அடைப்பான், அவ்வளவுதான். மறுபடி காதில் மாட்டியும் விட்டேன். “நல்லா கேக்குதா மாமா?” என்றேன். என் உதட்டைப் பார்த்துவிட்டு, “நல்லா கேக்குது மாப்பிள்ளை” என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு அந்தத் தெருவில் நடந்தது. வண்டியின் பீப் ஒலி வேலை செய்தது, ஓட்டுநர் ஹாரனும் அடித்தார், மூட்டை இறக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் கத்தினார்கள் என்று உங்கள் சாட்சிகள் சொல்கிறார்கள். எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். அந்த ஓட்டுநரை விட்டுவிடுங்கள், அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. கொன்றது நான். தெரியாமல் நடந்தது, விளையாட்டாகச் செய்தேன் என்றெல்லாம் எழுத வேண்டாம். எனக்கு அரைகுறை வேலை பிடிக்காது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அவர் கையில் இருந்த நோட்டை நீங்கள் நீதிமன்றத்து ஆளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, தட்டச்சு செய்து என் முன்னால் வைத்திருக்கிறீர்கள். இதைக் குற்றப்பத்திரிகையில் சேர்க்கக் கூடாது. ஒரு சுருக்கெழுத்தர் போட்ட வைத்திய முடிவுக்கு என்ன மதிப்பு இருக்கிறது? நீங்களே பாருங்கள், சோதனை நடந்த தேதி போட்டு எழுதியிருக்கிறார். ‘மூன்றும் தப்பு. மாப்பிள்ளைக்கு மேல் சத்தம் கேட்கவில்லை. எனக்கு ஆரம்பித்த மாதிரியேதான். பெண்ணிடம் சொல்லக் கூடாது. வெளியே தெரிந்தால் பிழைப்பு போய்விடும். பாவம்.’ அடுத்தது திங்கட்கிழமை, அந்த விலாசம். அதற்குக் கீழே, ‘மாப்பிள்ளைக்கு நாளைக்கே போய் நேரம் கேட்க வேண்டும். முதலில் டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும். என் காதுதான் போய்விட்டது, அவருடையதாவது பிழைக்கட்டும்.’

எனக்காகப் போனாராம். என் மனைவி இதைப் படித்துவிட்டுத்தான் வெளியே பெஞ்சில் அப்படி உட்கார்ந்திருக்கிறாள். வரும்போது அவள் என்னிடம் ஏதோ சொன்னாள், நான் கவனிக்கவில்லை. அவளுக்கும் புரியவைக்க வேண்டும். அவர் சத்தத்தைத் திருகினார், அதனால்தான் மூன்றும் தப்பாயிற்று. என் காதுக்கு ஒரு குறையும் இல்லை. ஊரார் காதையெல்லாம் சோதிக்கிறவனுக்குத் தன் காதைப் பற்றித் தெரியாதா?

மன்னிக்கவும், நீங்கள் ஏதோ கேட்டீர்கள் போலிருக்கிறது. உங்கள் உதடு அசைந்ததைப் பார்த்தேன். இந்த மின்விசிறி இரைச்சலில், இப்படி எதிரொலிக்கிற அறையில், யாருக்கு என்ன கேட்கும்? கொஞ்சம் திரும்பச் சொல்லுங்கள்.